பழசாக்கியவனின் பெயர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒரு சினிமாக் கம்பெனியின் மேனேஜர் நம் பழஞ்சாமான் கிட்டங்கிக்கு வந்தார். அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான் முழுவதையும், கட்டில் முதல் கரண்டி வரை, நாற்பது நாள் வாடகைக்குக் கேட்டார். நீ இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. அவருக்கு அது தெரியாது. "பழசாக்குற சேட்டன் எவிடே?" என்றுதான் வந்ததும் கேட்டார்.

நான் உன் தகர அலமாரியைத் திறந்தேன். நீ போனபிறகு அதைத் திறந்தது அதுதான் முதல் தடவை. தேயிலைச் சாயம், தேன்மெழுகு, விளக்குக் கரி, ஆணி ஊறிக் கிடந்த வினாகிரிக் காடி எல்லாம் கலந்த வாசம் முகத்தில் வந்து அடித்தது. மேனேஜர் மூக்கைப் பொத்தினார். எனக்கு அது இருபத்திரண்டு வருடம் பழகிய வாசம். அது வந்தால் நீ வேலையைத் தொடங்கிவிட்டாய் என்று அர்த்தம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கொட்டேஷன் எழுதத் தெரியும். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அதைச் சொல்லவேண்டுமானால் நாம் சேர்ந்த கதையிலிருந்து சொல்லவேண்டும்.

நாம் சேர்ந்ததே என்னுடைய ஒரு முட்டாள்தனத்தால்தான். சைக்கிளில் பழைய இரும்பும் பேப்பரும் எடுத்து, ஆக்கர் கடை போட்டு, பிறகு இடிக்கிற வீடுகளின் மரச்சாமானை மொத்தமாக வாங்கி விற்கிறவனாக நான் வளர்ந்திருந்த காலம். ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. கலை இயக்குநர் நேரில் வந்து ஒரு தேக்கு அலமாரி, இரண்டு கட்டில், ஒரு நெல்லுப் பெட்டி, பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் பார்த்து, தடவி, புகைப்படம் எடுத்து, முன்பணமும் தந்துவிட்டுப் போனார். சினிமாவுக்குப் போகிற சாமான் ஆயிற்றே என்று நான் இரண்டு ஆசாரிகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உரசி, கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்டேன். பாத்திரங்களுக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க மூன்று பெண்களைக் கூலிக்கு வைத்தேன். கல்யாண வீட்டுக்குச் சாமான் கொடுத்துப் பழகியவனுக்கு வேறு என்ன தெரியும்?

லாரியிலிருந்து இறக்கியதும் கலை இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். அங்கே டீக்கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒருவன் ஏணியிலிருந்து இறங்கிவந்து அலமாரியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைசீவினான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "எலே, நீ இத வாடகைக்குக் குடுத்தியா, கெட்டிக் குடுத்தியா? பொட்டு மட்டுந்தான் பாக்கி."

யூனிட் மொத்தமும் சிரித்தது. காரக்கோணம் பக்கத்தில் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவ சபையில் இருக்கிற வீட்டுப் பையன், தியேட்டர் பேனரும் கடைப் போர்டும் எழுதுகிறவன், என் வயதுதான் என்றெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று உன்னை அடிக்கலாமா என்றுதான் நினைத்தேன்.

அடுத்து நீ செய்ததைப் பார்த்துத்தான் நான் வாயை மூடினேன். கலை இயக்குநரிடம் போய், "சார், இந்த வீட்டுல பிள்ளைய உண்டா?" என்று கேட்டாய். கதைப்படி இரண்டு உண்டு என்றார். "வீட்டுக்காரருக்கு எந்தக் கை வாக்கு?" வலது என்றார். "அவரு இருந்து எழும்பதுக்கு இந்தக் கட்டில்ல எந்தப் பக்கம்?" இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. யோசித்து, ஜன்னல் பக்கம் என்றார். அதன்பிறகு நீ வேலையைத் தொடங்கினாய். வினாகிரியில் ஆணி ஊறிய தண்ணீரைத் தேயிலைச் சாயத்தின்மேல் தடவியதும் மரம் என் கண்முன்னால் கறுத்தது. கைப்பிடியைச் சுற்றி மட்டும் மெழுகு வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக விட்டாய். அலமாரியின் கீழ்த்தட்டில், மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்தில், விரல் பட்டுப் பட்டு வரும் எண்ணெய்க் கறை. கட்டிலில் ஜன்னல் பக்கத்து ஓரம் மட்டும் தேய்ந்து உருண்டது. பாத்திரங்களுக்கு உப்பும் வினாகிரியும் தடவி ஈர மண்ணில் புதைத்தாய். மறுநாள் காலை எடுத்தபோது மூன்று தலைமுறை சோறு பொங்கிய பாத்திரம் மாதிரி இருந்தன.

"நான் அழுக்காக்கிக் குடுத்திருக்கலாமே. பாலீஷுக்குச் செலவழிச்சத மிச்சம் பிடிச்சிருப்பேன்" என்றேன்.

"பழசுண்ணா அழுக்கு இல்ல மக்கா. ஆளு பொழங்கின தடமாக்கும்" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வியாபாரம் தெரிந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், கலை தெரியவில்லை. ஓர் அலமாரியை விற்றால் ஒரு தடவைதான் காசு. நீ கை வைத்த அலமாரியை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு ஐந்து தடவை. அடுத்த வாரமே உன்னைக் கூட்டுச் சேர்த்தேன். நீ கை வைத்த சாமானின் வாடகையில் பாதி உனக்கு.

முன்னொரு காலத்தில் சினிமாக்காரர்களுக்கு நாம் வேண்டாம். சென்னையில் ஸ்டுடியோவுக்குள் பிளைவுட்டில் வீடு கட்டி, சாயம் அடித்து, அதையே பரம்பரைத் தறவாட்டு வீடு என்று காட்டினார்கள். காமிரா வெளியே இறங்கி நிஜ வீட்டுக்குள் நுழைந்தபிறகுதான் நிஜச் சாமானுக்குத் தேடல் வந்தது. அப்புறம் ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. "ஃபிலிமு நல்லவனாக்கும். கொஞ்சம் கண்ண அடச்சுக்கிடுவான். இவன் செக்போஸ்ட்டுல நிக்கிய ஏட்டு கணக்கா ஒவ்வொரு சாக்கா அவுத்துப் பாக்கான்" என்று நீ சொல்வாய். அதற்குத் தகுந்தபடி உன் வேலையும் நுணுகியது. முன்பு துணியால் தேய்த்த இடத்தை விரல் நுனியால் தேய்த்தாய். அந்த மாற்றத்தில் எத்தனையோ பேர் வேலையை விட்டுவிட்டார்கள். நீ கை வைத்த சாமானின் வாடகைதான் ஏறியது.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருந்தாய். டைட்டிலில் உன் பெயர் வரக்கூடாது. உன் அப்பா சபை உபதேசியார். சினிமாக் கொட்டகைக்குப் போனவனுக்குத் திருவிருந்து இல்லை என்று சொல்லிய காலத்து மனிதர். நீ பெயிண்ட் வேலைக்குப் போகிறாய் என்று அவருக்குத் தெரியும். எங்கே போகிறாய் என்று தெரியாததுபோல் இருந்தார். "அவருக்குத் தெரியும், தெரியுமுண்ணு எனக்கும் தெரியும். பேரு திரையில வந்தா மட்டும் அவரால தெரியாதது கணக்கா இருக்க முடியாது, கேட்டியா" என்றாய்.

அதனால் நெய்யாற்றின்கரை தியேட்டரில் நாம் போய் உட்கார்ந்தபோதெல்லாம் கடைசியில் நன்றிப் பட்டியலில் என் கடையின் பெயர்தான் ஓடியது. நான் எழுந்து நின்று விசில் அடிப்பேன். நீ என்னைவிடச் சத்தமாகக் கை தட்டுவாய். திரும்பி வரும்போது, "எனக்கக் கூட்டாளி பெரிய ஆளாக்கும்" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவனிடம் சொல்வாய். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இதையும் மறைக்கவில்லை.

பிறகு அந்தப் படம் வந்தது. பனையேறிக் குடும்பத்தில் பிறந்த ஒருவன் படித்து வாத்தியாராகிற கதை. குளத்தூரில் செட் போட்டோம். நம் ஆட்களின் கதைதான். நம் தாத்தாமார் இருந்த குடிசையும், மிஷன்காரர்களின் ஓலைப் பள்ளிக்கூடமும். இயக்குநர் திருவனந்தபுரத்துக்காரர், படித்தவர். குடிசைக்குள் எல்லாம் கறுப்பாக, கிழிசலாக, ஒடுக்கு விழுந்து இருக்கவேண்டும் என்றார். நீ செய்யவில்லை. தரையைச் சாணி மெழுகி, பானைகளைச் சாம்பல் போட்டுப் பளிச்சென்று துலக்கி, ஒரே ஒரு வேட்டியைத் தையல் தெரியத் துவைத்து மடித்துக் கொடியில் போட்டாய்.

இயக்குநர் கத்தினார். ஐம்பது பேருக்கு முன்னால் நீ மலையாளமும் தமிழும் கலந்து சொன்னது இன்றும் எனக்கு மனப்பாடம்: "சாரே, பாவப்பெட்ட ஏழை வீடுண்ணா அழுக்காட்டு இருக்கணுமா? எங்க அம்மைக்கு ஒரு பானதான் உண்டு. அதத் தேச்சுத் தேச்சு அடி ஓட்டையாச்சு. இருந்தது கொறவு, அழுக்கு இல்ல. கறுப்பாக்கணுமுண்ணா வேற ஆள விளிச்சுக்கிடுங்க."

அவ்வளவு பெரிய ஆர்டர். "எலே, சும்மா கரியைத் தடவிக் குடுலே" என்று உன் காதில் சொன்னேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காமிராமேன்தான் அந்தப் பானையையும் கொடித் துணியையும் வைத்து ஒரு ஷாட் எடுத்து இயக்குநருக்குக் காட்டினார். இயக்குநர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "சரி, ஆளு சொல்றபடி" என்றார்.

அதற்கு அடுத்த நாள்தான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. உன் அப்பா செட்டுக்கு வந்தார். சபையில் யாரோ, உம்ம மகன் குளத்தூரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கான் என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, கையில் குடை, எண்பது வயது. நீ பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாய், ஐம்பது வயதை நெருங்குகிற ஆள். அவர் உன்னைப் பார்க்கவில்லை. ஓலைப் பள்ளிக்கூடத்து பெஞ்சைத் தடவினார். குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். சுவரில், கட்டிலுக்கு மேலே, பாளை அருவாப்பெட்டியை நீ அழகாகத் தொங்கவிட்டிருந்தாய். பாளை சீவும் அரிவாளை வைத்துப் பனையேறி இடுப்பில் கட்டுகிற பெட்டி, காமிராவுக்கு நன்றாகத் தெரியவேண்டுமே என்று.

"இத ஆரு இங்க தூக்கினா?" என்றார்.

"நானாக்கும்" என்றாய்.

"விடியதுக்கு முன்ன பனைக்கு ஓடுதவன் பிள்ளையள எழுப்பிவிட்டா பெட்டிய எடுப்பான்? வெளிய, வாசலுக்க மேல, எறப்புல சொருகு. போற போக்குல கை போய் எடுக்கும். உனக்க தாத்தா அப்பிடித்தான் எடுப்பாரு."

நீ பெட்டியை எடுத்துக் கூரை விளிம்பில் சொருகினாய். அவர் வெளியே நின்று அதைப் பார்த்தார். குடையை விரித்தார். நீ பின்னாலேயே போய், "அப்பா, இந்தப் படத்துல எனக்க பேரு போடட்டா?" என்று கேட்டாய். அவர் "எனக்க காலம் கழியட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

படம் வந்தது. முதல் காட்சியில் அந்த ஆள் வீட்டை விட்டு இறங்குகிறான். நிமிர்ந்து பார்க்காமலேயே கை மேலே போகிறது, எறப்பிலிருந்து பெட்டியை எடுக்கிறது, இடுப்பில் கட்டுகிறது. நமக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவரின் வலதுகை தானாக மேலே எழும்பி இறங்கியது. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்.

நான் ஒன்றைச் சொல்கிறேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இந்தச் சாமான்களை எவனும் வீட்டில் வைத்ததில்லை. மகன் காலேஜுக்குப் போனான், மருமகள் நர்ஸ் என்றதும் அருவாப்பெட்டியையும் பனையேற உதவும் முருக்குத்தடியையும் விறகோடு சேர்த்து என் தலையில் கட்டினார்கள். "ஆரும் பாக்காம எடுத்துட்டுப் போ" என்று சொல்லித் தந்தவர்கள் உண்டு. படம் ஓடிய இரண்டாவது வாரம் ஒரு பேங்க் ஆபீசர் காரில் வந்து இறங்கினார். தன் அப்பாவின் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். அதை முன்னறையில் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறாராம். நீ, "சும்மா குடுலே" என்றாய். நான் வாங்கியதற்கு நாற்பது மடங்கு விலை சொன்னேன். அவர் பேரம் பேசாமல் வாங்கினார். வெட்கப்பட்டு விட்ட பொருளை நிமிர்ந்து நின்று விலை கொடுத்து வாங்குகிறான் ஒரு மனிதன். பிரசங்கமும் பொதுக்கூட்டமும் செய்யாத வேலை. அதை ஒரு பெட்டி, ஒரு கை, பத்து விநாடி சினிமா செய்தது. அதில் உன் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்தப் பெருமை எனக்கு இன்றும் இறங்கவில்லை.

அவார்டு வந்தது. கலை இயக்குநர் மேடையேறி வாங்கினார். உன் அப்பா படம் பார்க்கவில்லை. "பெட்டிய எங்க தூக்கினாவ?" என்று மட்டும் கேட்டாராம். "எறப்புலதான்" என்றாயாம். "ம்" என்றாராம். அவரால் முடிந்த விமரிசனம் அது.

அவர் இறந்தபிறகு நீ பெயர் கேட்டாய். இரண்டு படத்தில் கேட்டாய். டைட்டில் நீண்டுபோச்சு, அடுத்ததில் பார்க்கலாம் என்றார்கள். இத்தனை நாள் வேண்டாம் என்றவன்தானே என்று ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. நீ, "விடு மக்கா. போர்டு எழுதுதவன் பேரு மூலையில இருந்தாப் போரும்" என்றாய். நான் விட்டுவிட்டேன். ஆர்டர் கைவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்து விட்டேன் என்பதுதான் உண்மை. பிறகு ஒரு மதியம், வாடகைக்குப் போகவேண்டிய கட்டிலில், ஜன்னல் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்த நீ எழும்பவில்லை.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மேனேஜர் சாமான்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஓலைப் பள்ளிக்கூடத்து பெஞ்சும் அதில் உண்டு. காலில் கறையான் இருக்கிறதா என்று பார்க்க லோடிங்காரர்கள் அதைக் கவிழ்த்தார்கள். அடிப்பலகையின் வலது மூலையில், கட்டைவிரல் நீளத்துக்கு, உன் பெயர். தமிழில் ஒன்று, அதன்கீழ் மலையாளத்தில் ஒன்று. கீழே உன் போர்டுகளில் எல்லாம் வருகிற அந்தச் சிறு வளைகோடு.

"அந்தக் கட்டிலக் கவுத்துங்கலே" என்றேன். அதிலும் இருந்தது. நெல்லுப் பெட்டியின் மூடிக்குள். அலமாரியின் முதுகில். நம் முதல் தேக்கு அலமாரி, நான் பாலீஷ் போட்ட அதே அலமாரி, அதிலும். காமிரா ஒருநாளும் போகாத இடமாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும், இருபத்திரண்டு வருடம் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். என் கடைப் பெயருக்கு நீ கை தட்டினாய் அல்லவா, அந்தத் தியேட்டர் இருட்டு எனக்கு ஞாபகம் வந்தது. நான் கவிழ்த்துப்போட்ட பெஞ்சின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சேட்டா, எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பயந்துபோய்க் கேட்டார் மேனேஜர். பிறகு குனிந்து பார்த்து, "இது ஸ்டாக் நம்பரோ?" என்றார்.

"இல்ல சார். டைட்டிலாக்கும். நீங்க எல்லாரும் போட மறந்தது."

நன்றிப் பட்டியலில் என் கடையோடு உன் பெயரையும் சேர்க்கிறோம் என்றார். என் கடைப் பெயர் வேண்டாம் என்றேன். அவர் வாடகையில் பேரத்தைத் தொடங்கினார். நான் நாளொன்றுக்குப் பதினோராயிரத்தில் நின்றேன். அவர் எட்டுக்கு மேல் ஏறவில்லை. அப்புறம் நான் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தேன். அவர் மறுபடி கேட்பதற்கு முன்பே நானாக ஒன்பதுக்கு இறங்கினேன். இறங்கியதற்குப் பதிலாக எனக்கு வேண்டியதைச் சொன்னேன். அவர் வெளியே போய்த் தயாரிப்பாளரிடம் மூன்று தடவை போனில் பேசினார். "இது கிட்டாத சாமானா, வேற எடத்துல பாக்கலாமே" என்று உள்ளே வந்து மிரட்டியும் பார்த்தார். "பாருங்க. பெஞ்சு கிட்டும். பிள்ளைய கை பட்ட பெஞ்சு கிட்டாது" என்றேன். பேசியது நான்தான், ஆனால் அது உன் பேச்சு. இப்போது ஒரு வீட்டை விலைபேசப் போனால்கூட நான் முதலில் பார்ப்பது மரத்தை அல்ல, எந்த இடத்தில் கை பட்டிருக்கிறது என்பதைத்தான். அந்தக் கண் நீ தந்தது.

உன் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. அது முதலில் வரவேண்டிய இடம் வேறு. முத்திரைத் தாளில் கையெழுத்தாகிவிட்டது. பேசி முடித்தது இவ்வளவுதான்:

அறுபத்திரண்டு சாமான், நாற்பது நாள், நாளொன்றுக்கு ஒன்பதாயிரம். லாரி இரண்டு வழியும் அவர்கள் செலவு. நீ கை வைத்த சாமானின் வாடகையில் பாதி எப்போதும்போல உன் வீட்டுக்கு. திருப்பித் தரும்போது எதையும் கழுவக்கூடாது, பாலீஷ் போடக்கூடாது. உன் பெயர் படத்தின் தொடக்கத்தில், கலை இயக்குநருக்கு அடுத்த டைட்டில் அட்டையில், தனியாக, தமிழிலும் மலையாளத்திலும், மெதுவாக ஐந்து எண்ணி முடிக்கும்வரை நிற்கவேண்டும்.